குறுக்கே கிடந்த மரம்

மலை நதியில் தோணி ஏறிச் செல்பவனுக்கு எதனால் ஆபத்து என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் பாறை என்போம், சுழல் என்போம், நீர்வீழ்ச்சி என்போம். இரைச்சல் போடுவதைக் கண்டு அஞ்சுவது மனித சுபாவம். ஆனால் இமயமலைத் தோணிக்காரர்கள் இந்த மூன்றையும் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள். அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவது ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். கரையிலிருந்து சாய்ந்து, ஆரவாரம் ஏதுமின்றி ஆற்றின் குறுக்கே கிடக்கும் ஒரு மரம்!

இதனை நாங்கள் அறிந்துகொண்டது 2018-ஆம் வருஷம் கோடை விடுமுறையில். கூட்டத்தில் நாமும், நம் சகதர்மிணியும், நம் பள்ளியின் கணித ஆசிரியரும், நம் சகோதரியின் புதல்வனும் ஆக நால்வர். மருமகனுக்கு வயது பத்தொன்பது. தாமிரபரணியில் நீந்திப் பழகியவன். ஆகவே உலகத்து நதிகள் யாவும் தனக்குப் பழக்கமானவை என்பது அவனுடைய எண்ணம். "பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு, அண்ணா" என்று ரயிலடியில் அவன் தாயார் சொல்லி அனுப்பியிருந்தாள். பத்திரமாக இருக்கவேண்டும் என்றால் ஊரிலேயே இருந்திருக்கலாம் என்பது அவன் கட்சி.

நாங்கள் சென்றது டோன்ஸ் என்னும் நதிக்கு. டேராடூனிலிருந்து முசூரி, நௌகாவ், புரோலா வழியாக ஒரு பகல் முழுதும் மலைப்பாதையில் சுழன்று சுழன்று மோரி என்ற சிற்றூரை அடைந்தோம். ரூபின், சூபின் என்ற இரண்டு பனியாறுகள் நைட்வார் என்னுமிடத்தில் கூடி டோன்ஸ் ஆகின்றன. தியூனியில் பப்பர் வந்து கலக்கிறது. பிறகு கால்சிக்கு அருகே டோன்ஸ் யமுனையில் சேர்கிறது. சேருமிடத்தில் டோன்ஸ் நதியில்தான் தண்ணீர் அதிகம். ஆயினும் பெயர் என்னவோ யமுனைக்குத்தான் போகிறது. உலகத்தில் இப்படி எத்தனையோ நடக்கின்றன! கால்சியில் அசோக சக்கரவர்த்தியின் கல்வெட்டுப் பாறை ஒன்று உண்டு. சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் சாசனம் அந்தப் பாறையில் இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாக நம் பெயர் அங்கே காத்திருப்பதைக் கண்டால் யாருக்குத்தான் மெய் சிலிர்க்காது?

நம் பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். அம்மாதங்களில் நம் நதிகளில் மணலைத் தவிர வேறொன்றும் ஓடுவதில்லை. புது வெள்ளத்துக்கு ஆடி வரையில் காத்திருக்கிறோம். இமயமலையிலோ இளவேனில்தான் பெருக்குக் காலம். ஆகாயத்தில் ஒரு துளி மேகம் இராது; ஆனால் ஆறு ஏறிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் வெயில் பனியை உருக்க, உருகிய நீர் பள்ளத்தாக்குகளைக் கடந்து வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகையால் காலையில் ஆறு சாதுவாக இருக்கும். மாலையில் அதே ஆறு வேறு ஆறு. கரையில் குத்திவைத்த குச்சியைக் கொண்டு எங்கள் தோணிக்காரர் இதை எங்களுக்குக் காட்டினார். காலையில் உலர்ந்திருந்த குச்சியின் அடியில் மாலையில் ஒரு முழத் தண்ணீர் நின்றது.

இந்த ஏற்ற இறக்கந்தான் மரங்களை எழுப்பிவிடுகிறது. முன் வருஷ வெள்ளத்தில் வந்து கூழாங்கல் மேட்டில் ஒதுங்கிய கட்டைகள் குளிர்காலம் முழுதும் அசையாமல் கிடக்கின்றன. இளவேனிலில் நீர் மட்டம் உயர்ந்ததும் அவை மிதந்து புறப்படுகின்றன. போதாததற்கு, ஆறு வளையுமிடங்களில் நீரோட்டம் வெளிக்கரையை மோதி அடிமண்ணை அரிக்கிறது. அங்கே நிற்கும் மரம் வேரோடு சாய்கிறது. விஷயத்தின் விபரீதத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் தோணியை இழுத்துச் செல்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் மரமும் விழுந்து கிடக்கும்.

மரத்துக்கோ அப்பக்கத்தில் குறைவில்லை. மேலே தேவதாரு, கீழே மலை முழுதும் சீர் என்னும் பைன் மரங்கள். மோரிக்கும் தியூனிக்கும் இடையே சாலையோரத்தில் ஒரு மரத்துக்குச் சமாதியே எழுப்பியிருக்கிறார்கள். அறுபது மீட்டருக்கு மேல் உயர்ந்து, ஆசியாவிலேயே நெடிய பைன் என்று பெயர் வாங்கிய மரம் அது. 2007-ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. துண்டங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நல்ல வேளையாக அது ஆற்றில் விழவில்லை!

ஒரு காலத்தில் இந்த மலை நதிகளில் மரம் வந்தது தற்செயலாக அன்று, வியாபாரமாக. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரயில் தண்டவாளங்களுக்கு அடிக்கட்டைகள் வேண்டியிருந்தன. ரயில் வண்டி சமவெளியில் ஓடியது. அதற்குப் படுக்கை போடும் தேவதாரு மலையுச்சியில் நின்றது. ஆகவே வெட்டி ஆற்றில் விட்டார்கள். பாகீரதிக் கரையில் வில்ஸன் என்ற வெள்ளைக்காரர் இந்த வியாபாரத்தில் ராஜாவைப் போல் வாழ்ந்தார். காடு யாருடையது என்ற கேள்வி பிறகு வந்தது. டேஹ்ரி சமஸ்தானத்தார் காட்டு எல்லையைக் கிராமத்து வாசற்படி வரையில் கொண்டுவந்தபோது, ரவாயின் நாட்டு ஜனங்கள் யமுனைக் கரையில் திலாடி மைதானத்தில் கூடினார்கள். 1930 மே 30-ஆம் தேதி சமஸ்தானத்துப் படை அவர்களைச் சுட்டது. மோரியும் அந்த ரவாயின் நாட்டைச் சேர்ந்ததுதான். 1974-இல் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் பிற பெண்களும் மரங்களைக் காத்து நின்ற கதையை நேயர்கள் அறிவார்கள். இமயமலையின் அப்பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள பச்சை மரங்களை வியாபாரத்துக்காக வெட்டலாகாது என்று 1981-இல் தடை பிறந்தது. எங்கள் தோணிக்காரரின் பாட்டனார் ஆற்றில் அடிக்கட்டை ஓட்டியவர். கட்டைகள் ஓரிடத்தில் சிக்கி மலைபோல் குவிந்துவிட்டால், எந்தக் கட்டையை நெம்பினால் குவியல் முழுதும் கலையும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவராம். "நெம்புவது பெரிதல்ல, குருஜி, நெம்பிய பிறகு கரைக்கு ஓடிவருவதுதான் பெரிது" என்றார் பேரர். மலை நாட்டில் ஆசிரியரைக் குருஜி என்றுதான் அழைக்கிறார்கள். நம் பக்கத்தில் 'வாத்தியார்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது இனிமையாகவே இருந்தது.

ஆற்றில் இறங்குமுன் ஒரு நாள் முழுதும் பாடம். ஆசிரியர்கள் இருவரும் மாணாக்கர்களாக உட்கார்ந்தோம்.

மரம் ஏன் பாறையைவிடப் பொல்லாதது? பாறையில் மோதும் நீர் பின்வாங்கி மெத்தைபோல் எழும்புகிறது. அந்த மெத்தை தோணியையும் சற்றே ஒதுக்கித் தள்ளிவிடும். மரத்தில் அப்படி இல்லை. நீர் கிளைகளுக்கு ஊடே சிரமமின்றிப் புகுந்து போய்விடுகிறது. ஆள் போக முடிவதில்லை. இங்கிலீஷில் இதற்கு 'ஸ்ட்ரெயினர்' என்று பெயர். தோணிக்காரர் இதை ஹிந்தியில் விளக்க, நாம் தமிழில் பெயர்க்கத் தடுமாற, நம் சகதர்மிணி குறுக்கிட்டாள். "இதற்கு ஏன் இவ்வளவு வியாக்கியானம்? கஞ்சி வடிந்துவிடும், சோறு தட்டில் நின்றுவிடும். நாம்தான் சோறு!" என்றாள். அதற்கு மேல் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கணித ஆசிரியர் மட்டும், நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று ஒரு காகிதத்தில் போட்டுக் காண்பித்தார். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ என்பதையும் அவரே நினைவூட்டினார். அன்றிரவு யாரும் அதிகமாகச் சாப்பிடவில்லை.

நீந்தும் முறையிலும் ஒரு விசித்திரம் உண்டு. தோணியிலிருந்து விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, மேலாக மிதக்கவேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளலாம். இதைப் பத்துத் தடவை பழக்கிவிட்டுப் பிறகு, "எதிரே மரம் வந்தால் இவ்வளவையும் மறந்துவிடுங்கள்" என்கிறார்கள்! கால் முன்னே போனால் உடல் மரத்துக்கு அடியில் இழுக்கப்படும். ஆகவே, முதலில் விலகி நீந்திப் பார்க்கவேண்டும். விலக முடியாதென்று கண்டால், குப்புறத் திரும்பித் தலையை முன்னே வைத்து மரத்தை நோக்கியே முழு பலத்தோடு நீந்தவேண்டும். மரத்தைத் தொட்டவுடன் கைகளை ஊன்றிக் கால்களை உதைத்து அதன்மேல் ஏறிவிடவேண்டும். எதற்கு அஞ்சுகிறோமோ அதை நோக்கிப் பாய்வது! ஓட்டம் குறைந்த ஓரிடத்தில் ஒரு கட்டையை மிதக்கவிட்டு எங்களை ஏறச் சொன்னார்கள். பனி உருகிய நீரில் கை இரண்டு நிமிஷத்தில் மரத்துப்போகிறது. நாம் மூன்றாம் முறையில்தான் ஏறினோம். மருமகன் முதல் தடவையிலேயே குரங்குபோல் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கை தட்டினான்.

கைக்குறிப்புகளில் ஒன்று நம் மனத்தைக் கவர்ந்தது. துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் 'வா' என்று பொருள். குறுக்கே பிடித்தால் 'நில்'. ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினால், போகவேண்டிய பக்கம் அது. ஆபத்து இருக்கும் பக்கத்தை ஒருபோதும் சுட்டிக் காட்டுவதில்லை. வெள்ளத்தின் இரைச்சலில், பதற்றத்தில், காட்டிய பக்கந்தான் கண்ணுக்குத் தெரியும், அங்கேயே போய்விடுவார்களாம். இருபது வருஷமாக 'இது பிழை, இது பிழை' என்று கரும்பலகையில் பிழைகளையே வட்டமிட்டுக் காட்டிவரும் நமக்கு இது யோசிக்கத்தக்க விஷயமாகப் பட்டது.

மறுநாள் காலை புறப்பட்டோம். காற்றடைத்த ரப்பர் தோணியில் நாங்கள் நால்வர், பின்னால் தோணிக்காரர். முன்னே ஒற்றை ஆள் ஓடமாகிய கயாக்கில் அவருடைய தம்பி வழி பார்த்துச் சென்றார். முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. நனைந்தோம், கத்தினோம், சந்தோஷப்பட்டோம். ஒரு பாய்ச்சலில் மருமகன் வெளியே விழுந்தான். தோணிக்காரர் அவனுடைய மிதவைச் சட்டையைத் தோளில் பற்றி, ஒரே இழுப்பில் உள்ளே போட்டார். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். அந்தச் சிரிப்பு நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒரு வளைவுக்கு மேலே தம்பியின் துடுப்பு குறுக்கே உயர்ந்தது. நில்! உடனே கரையில் ஒதுங்கினோம். பாறைகளின் மேல் நடந்து வளைவைத் தாண்டிப் பார்த்தோம்.

பெரிய பைன் மரம். புதிதாக விழுந்தது, ஊசியிலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. வேர் வெளிக்கரையில் மண்ணோடு தொங்க, உடல் ஆற்றின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அங்கே நுரையில்லை, அலையில்லை. நீர் வழுவழுவென்று போய்க் கிளைகளுக்குள் மறைந்தது. பாய்ச்சல்கள் எல்லாவற்றையும்விட அந்த இடந்தான் பார்வைக்கு அமைதியாக இருந்தது. உட்கரை ஓரத்தில், மர நுனிக்கும் கூழாங்கல் மேட்டுக்கும் நடுவே, பன்னிரண்டு அடி அகலத்தில் திறந்த நீர் தெரிந்தது.

"தாராளமாகப் போகலாம், மாமா!" என்றான் மருமகன். நமக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

தோணிக்காரர் பதில் சொல்லவில்லை. மேலே நடந்து சென்று, நாங்கள் தோணியில் வந்திருக்கக்கூடிய இடத்திலிருந்து மூன்று உலர்ந்த பைன் கட்டைகளை ஒவ்வொன்றாக ஆற்றில் எறிந்தார். மூன்றாவதை உட்கரைக்கு வெகு அருகிலேயே எறிந்தார். மூன்றும் மெல்ல நடு ஆற்றுக்கு நகர்ந்து, பிறகு விரைந்து, மரத்துக்குள் போயின. இரண்டு அங்கேயே நின்றுவிட்டன. ஒன்று வெகு நேரத்துக்குப் பிறகு கீழே தலை காட்டியது.

"தோணியைச் சுமந்து செல்வோம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பின்னால் இன்னொரு தோணி வந்தது. ஆறு வாலிபர்கள், பலசாலியான தோணிக்காரர். அவர்களும் இறங்கிப் பார்த்தார்கள். இரு தோணிக்காரர்களும் மலை மொழியில் சிறிது நேரம் பேசினார்கள். பேச்சு இணங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர்கள் தோணியில் ஏறி, முகப்பை உட்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் துடுப்புப் போட்டார்கள். தோணி பக்கவாட்டில் சரிந்துகொண்டே வந்தது. மரத்தின் நுனிக்கு ஒரு முழம் இருக்கையில் திறப்பில் நுழைந்து அப்பால் போய்விட்டது. கடைசியில் இருந்த பையனின் துடுப்பு மட்டும் ஒரு கிளையில் மாட்டிக் கையை விட்டு நழுவிற்று. துடுப்பு மிதக்கும் பொருள். கிளைகளுக்குள் போயிற்று. மறுபுறம் வருமென்று நின்று பார்த்தோம். வரவில்லை.

"அவர்கள் போய்விட்டார்களே!" என்றான் மருமகன். குரலில் ஆத்திரம் இருந்தது.

"போய்விட்டார்கள். சந்தோஷம்" என்றார் தோணிக்காரர். "நாம் சுமக்கலாம்."

கணித ஆசிரியர் நம்மிடம் மெதுவாகச் சொன்னார்: "விடை சரி, வழி தவறு. பரீட்சையில் இப்படி எழுதுகிறவனுக்கு நான் மார்க்குப் போடுவதில்லை." மருமகன் காதிலும் அது விழுந்திருக்கவேண்டும். பேசாமல் தோணியின் ஒரு முனையைத் தூக்கினான்.

அறுபது கிலோவுக்குக் குறையாத தோணி. வழி என்று எதுவும் இல்லை, ஈரப் பாறைகள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நம் சகதர்மிணி துடுப்புகளையும் கயிறுகளையும் தலைக்கவசங்களையும் சுமந்து, எங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டாள். மரத்தின் நுனிக்கு நேராக வந்தபோது இளைப்பாற நின்றோம். அருகே நின்றால்தான் அதன் சுபாவம் தெரிகிறது. அடிமரம் முழுதும் வீணைத் தந்திபோல் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கிளைகளில் பிளாஸ்டிக் பைகள், இடையர்களின் கம்பளித் துண்டு ஒன்று, சருகு. தண்ணீருக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் அந்த மஞ்சள் துடுப்பு.

மருமகன் பாறையிலிருந்து மரத்தின்மேல் ஒரு காலை வைத்தான். "கை நீட்டினால் எட்டிவிடும்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தோணிக்காரர் கத்தினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. கத்தியதோடு நிற்கவில்லை, பாய்ந்து அவன் சட்டையைப் பற்றிப் பின்னால் இழுத்தார். இருவரும் பாறைமேல் விழுந்தார்கள். தோணிக்காரரின் முழங்கை சிராய்த்து இரத்தம் வந்தது. மருமகன் எழுந்து, அந்த முழங்கையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவன் தாயார் ரயிலடியில் நின்ற கோலம் நம் கண்முன் வந்தது.

"துடுப்பு போகட்டும், தம்பி" என்றாள் நம் சகதர்மிணி. தோணிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

இவ்வளவு பொல்லாத மரத்தை ரம்பம் கொண்டு அறுத்துவிட்டால் என்ன என்று கணித ஆசிரியர் கேட்டார். வெள்ளத்தின் பாரம் தாங்கி நிற்கும் மரத்தை அறுப்பவன், அது எந்தப் பக்கம் துள்ளும் என்று அறியமாட்டான் என்பது பதில். அன்றியும் தோணிக்காரர், மரத்துக்குக் கீழே இருந்த மடுவைக் காட்டினார். வேகம் அடங்கி, பச்சை நிறமாய்த் தெளிந்திருந்தது. அதில் மீன்கள் அசையாமல் நின்றன. ஆற்றில் அவற்றுக்கு வேறெங்கே இடம்? அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு காலத்தில் நதிகளைச் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு கட்டைகளையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள். மீன்களுக்கு ஒதுங்கும் மடுக்கள் அற்றுப்போயின. இப்போது அதே தேசத்தில் பெரும் பணம் செலவிட்டு, யந்திரங்களால் மரங்களைத் தூக்கி மறுபடியும் ஆற்றில் இடுகிறார்கள். தோணிக்காரர் இதையெல்லாம் படித்தவர் அல்லர். "இது மீன்களுடைய வீடு, குருஜி. நாம் வழிப்போக்கர்கள்" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் தியூனிக்குச் சற்று மேலே கரையேறினோம். ஆறு அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது. தோணிக்காரர் உடை மாற்றிக்கொள்ளுமுன் டெலிபோனை எடுத்து, மோரியிலுள்ள மற்றத் தோணிக்காரர்களுக்கெல்லாம் மரம் கிடக்கும் இடத்தைச் சொன்னார். மருமகன் கேளாமலே அவர் முழங்கைக்கு மருந்திட்டுக் கட்டினான்.

மறுநாள் காலை ஜீப்பில் மோரிக்குத் திரும்பினோம். அந்த வளைவு சாலையிலிருந்து நன்றாகத் தெரியும். வண்டியை நிறுத்தச் சொன்னோம். கரையில் வேர் பிடுங்கிய பள்ளம் இருந்தது. பக்கத்தில் சிவந்த மண் சரிந்து கிடந்தது. ஆறு தெளிவாக, அகலமாக, தடையேதுமின்றி ஓடியது. மரத்தைக் காணோம். இரவுப் பெருக்கு கொண்டுபோயிருக்கிறது.

"நல்லதாயிற்று, தொலைந்தது" என்றார் கணித ஆசிரியர்.

"எங்கே தொலைந்தது?" என்று கேட்டான் மருமகன். தோணிக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, கெட்டியான பூட்ஸை மாட்டிக்கொண்டு, கரையோரமாகக் கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார். பத்து மணிக்கு மோரியிலிருந்து அன்றையத் தோணிகள் புறப்படும். மருமகன் நம்மைப் பார்த்தான். நாம் தலையசைத்தோம். அவனும் அவர் பின்னே இறங்கிப் போனான்.